மலையகக் குளிரில் காய்ச்சல் பார்க்க எந்த வெப்பமானி?

காய்ச்சல் பார்க்கும் கருவி ஒன்றை வீட்டுக்கு வாங்க வேண்டி வந்தபோது என் முன்னால் மூன்று தெரிவுகள் இருந்தன: அலுமாரியில் நெடுங்காலமாகக் கிடக்கும் பாதரசக் கண்ணாடி வெப்பமானி, கொரோனா காலத்தில் எல்லா வாசல்களிலும் நெற்றிக்கு நேரே நீட்டப்பட்ட அகச்சிவப்பு வெப்பமானி, அக்குளில் வைத்து ஒலி கேட்கும்வரை காத்திருக்க வேண்டிய டிஜிட்டல் வெப்பமானி. நான் வாங்கியது மூன்றாவதை. நெற்றி வெப்பமானியைத் தங்கை வீட்டிலிருந்து இரவல் வாங்கி, ஒரு மழைக்காலம் முழுவதும் பயன்படுத்திப் பார்த்த பிறகே அந்த முடிவுக்கு வந்தேன். விலையோ வேகமோ அதைத் தீர்மானிக்கவில்லை. நாம் வாழும் இடத்தின் குளிரே தீர்மானித்தது.

கருவிகளுக்கு முன்னால் கையைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். தாய் நெற்றியைத் தொட்டுப் பார்த்துச் சூடு இல்லை என்றால் அது பெரும்பாலும் சரியாகவே இருக்கும். சுடுகிறது என்று அவர் சொல்லும்போதுதான் அளந்து உறுதிப்படுத்த வேண்டும். மழையில் கொழுந்து பறித்துவிட்டு விறைத்து வந்த கைக்கு யாருடைய நெற்றியும் சுடத்தான் செய்யும்.

கண்ணாடி வெப்பமானியின் துல்லியத்தில் குறை சொல்ல இடமில்லை. அதற்குப் பற்றரியும் தேவையில்லை. ஆனால் ஒவ்வொரு முறையும் பாதரசத்தை 35 பாகைக்குக் கீழே உதறி இறக்கி, ஐந்து நிமிடமளவு அக்குளில் வைத்திருந்து, மங்கிய வெளிச்சத்தில் மெல்லிய கோட்டைத் தேடி வாசிக்க வேண்டும். சமையலும் உறக்கமும் அடுத்தடுத்து நடக்கும், குளிருக்காகக் கதவும் சன்னலும் அடைத்தே கிடக்கும் லயத்துக் காம்பராவில், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டின் சிறு அறையில், அது உடைந்தால், பாதரச ஆவி வெளியேற வழியில்லை. 2013இல் கையெழுத்தான மினமாட்டா உடன்படிக்கை, பாதரச வெப்பமானிகளின் உற்பத்தியையும் ஏற்றுமதி இறக்குமதியையும் 2020உடன் நிறுத்துமாறு கேட்டது பாதரசத்தால் உடல்நலத்துக்கும் சூழலுக்கும் வரும் ஆபத்தைக் கருதித்தான். உடைந்துவிட்டால் பிள்ளைகளை வெளியே அனுப்பி, சன்னலைத் திறந்து, தும்புத்தடியால் கூட்டாமல் தடித்த காகிதத்தால் உருண்டைகளைச் சேர்த்து மூடியுள்ள போத்தலில் இட வேண்டும்.

நெற்றி வெப்பமானியின் வசதியை மறுக்க முடியாது. உறங்கும் பிள்ளையை எழுப்பாமல், உடையைக் கழற்றாமல், ஓரிரு நொடிகளில் எண் வந்துவிடுகிறது. பலரை விரைவாகப் பார்க்க வேண்டிய பாடசாலை வாசலுக்கோ தேயிலைத் தொழிற்சாலை வாசலுக்கோ அது பொருத்தமானதுதான். வீட்டில் ஒரே நோயாளியை நாட்கணக்காகக் கவனிக்கும்போதுதான் அதன் சிக்கல் தெரிகிறது.

அது உடலின் உள்வெப்பத்தை நேரடியாக அளப்பதில்லை. நெற்றித் தோலிலிருந்து வரும் அகச்சிவப்புக் கதிரை வாங்கி, அதற்குள் பதிந்துள்ள ஒரு கணக்கின்படி உடல் வெப்பத்தை ஊகித்துக் காட்டுகிறது. சூழல் சாதாரண அறையைப் போன்றிருக்கும் என்ற எதிர்பார்ப்பிலேயே அந்தக் கணக்கு அமைந்திருக்கிறது. குளிரில் தோலின் இரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன. உள்ளே காய்ச்சல் கொதித்தாலும் தோல் குளிர்ந்திருக்கும். கருவி குறைவான எண்ணைக் காட்டும். இத்தகைய வெப்பமானிகளுக்குப் பொதுவாகச் சொல்லப்படும் நிபந்தனை, அறை 16 முதல் 40 பாகை செல்சியஸுக்குள் இருக்க வேண்டும், ஈரப்பதம் 85 சதவீதத்துக்குக் குறைவாக இருக்க வேண்டும், காற்று வீசக் கூடாது, கருவியும் நோயாளியும் 10 முதல் 30 நிமிடம் வரை அதே அறையில் இருந்திருக்க வேண்டும் என்பது. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவின் ஆண்டுச் சராசரி வெப்பநிலையே 16 பாகையளவுதான். சனவரி விடியலில் புல்லில் உறைபனி படிவதும் உண்டு. கருவி தாங்கக்கூடிய கடைசி எல்லை எதுவோ, அதுவே நமக்குச் சாதாரண நாள். தகரக் கூரையும் பலகைச் சன்னலின் இடுக்கும் உள்ள வீட்டில் மழைக்காலத்து ஈரப்பதத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

என் அனுபவமும் அப்படியே இருந்தது. வெளியிலிருந்து வந்த பிள்ளையின் நெற்றியில் காட்டிய எண், அடுப்படியில் சற்று நேரம் இருந்த பின் காட்டியதைவிடத் தெளிவாகக் குறைந்திருந்தது. நெற்றியில் ஈரத்துணி போட்டிருந்தால் இன்னும் குறைகிறது. கம்பளித் தொப்பியைக் கழற்றிய உடனே பார்த்தால் கூடுகிறது. கூடுதலாகக் காட்டும் பிழையால் பெரிய நட்டமில்லை, மறுபடி ஒருமுறை அளந்தால் போதும். குறைவாகக் காட்டும் பிழை நம்மை நிம்மதியாக உறங்கப் போகச் செய்கிறது. இரவில் ஓட்டோ பிடித்து மலைப்பாதையில் இறங்கி வைத்தியசாலைக்குப் போவதா, விடியும்வரை பொறுப்பதா என்று தோட்டத்து வீடுகளில் முடிவெடுப்பது அந்த ஒரு எண்ணை வைத்துத்தான். கம்பளை, மாத்தளை போன்ற வெப்பமான பகுதிகளில் இந்தக் குறை இவ்வளவு பெரிதாகத் தெரியாமலிருக்கலாம். அங்கே நான் பயன்படுத்திப் பார்க்கவில்லை என்பதால் என் தீர்ப்பை அதுவரை நீட்ட மாட்டேன். காதில் வைக்கும் வகையையும் வைத்தியசாலையில் கண்டதோடு சரி.

அக்குளோ கையை மார்போடு ஒட்டி வைத்தவுடன் மூடிக்கொள்கிறது. குளிர் அங்கே நுழைவதில்லை. வியர்வையைத் துடைத்து, வெப்பமானியின் நுனியை அக்குளின் நடுக்குழியில் தோலோடு படும்படி வைத்து, சிறு பிள்ளையானால் மடியில் இருத்தி அணைத்துக்கொண்டால் போதும். ஒலி வந்தவுடன் எடுத்துவிடாமல் மேலும் ஓரிரு நிமிடம் விட்டுவைப்பது என் வழக்கம். வெப்பம் ஏறும் வேகம் தணிந்ததுமே பல கருவிகள் ஒலித்துவிடும். விட்டுவைத்தால் எண் இன்னும் சிறிது ஏறுவதைக் கண்டிருக்கிறேன். அக்குள் அளவு வாய் அளவைவிட ஏறத்தாழ அரைப் பாகை குறைவாக இருக்கும். அதனால் அக்குளில் 37.5 பாகை, பரனைட்டில் 99.5, வந்தாலே காய்ச்சல் என்று கொள்ள வேண்டும். எண்ணோடு எதையும் கூட்டிச் சொல்ல வேண்டாம். கொப்பியில் 'அக்குள்' என்று எழுதினால் வைத்தியர் புரிந்துகொள்வார். பெரியவர்கள் நூறு, நூற்றிரண்டு என்று பரனைட்டில் பேசுவார்கள். கருவி செல்சியஸில் காட்டினால் வீட்டில் குழப்பம் வரும் என்பதால் ஒரே அலகில் நிலைத்திருப்பது நல்லது.

காலையும் மாலையும் எழுதும் அந்தக் கொப்பியில்தான் ஒரு காய்ச்சலுக்கும் இன்னொன்றுக்கும் உள்ள வேறுபாடு தெரியத் தொடங்குகிறது. இன்புளுவென்சா திடீரென்று ஏறி, உடல்வலியும் இருமலுமாகச் சில நாட்களில் இறங்கும். நெருப்புக் காய்ச்சல் (டைபாயிட்) முதல் வாரத்தில் நாளுக்கு நாள் படிப்படியாக ஏறும். எலிக்காய்ச்சலில் கண் சிவந்து கெண்டைக்கால் தசை தாங்க முடியாமல் வலிக்கும். வயலிலோ சேற்றிலோ கால் வைத்தாரா என்று கேட்க வேண்டும். டெங்கு மேட்டுநிலத்தில் குறைவு என்றாலும், கொழும்பில் வேலை செய்துவிட்டுத் தீபாவளிக்கு வரும் பிள்ளைகளின் உடலோடு அது ஏறி வந்துவிடும். 2017இல் நாடு முழுவதும் 186,000க்கு மேற்பட்டோருக்கு டெங்கு என்று பதிவானது. டெங்கில் மூன்றாம் நாள் முதல் ஏழாம் நாள் வரையிலான காலத்தில் காய்ச்சல் இறங்கும்போதுதான் இரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசியும் ஆபத்தான கட்டம் தொடங்குகிறது. கடும் வயிற்றுவலி, விடாத வாந்தி, கை கால் சில்லிடல், சிறுநீர் குறைதல் இருந்தால் எண் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் வைத்தியசாலைக்குப் போக வேண்டும். மூன்றாம் நாளிலேயே இரத்தப் பரிசோதனை செய்துகொள்வது நல்லது. பரசிட்டமோல் தவிர அஸ்பிரினோ இபுபுரோபனோ கொடுக்கக் கூடாது. வெப்பம் இறங்கியது உண்மையா, குளிர்ந்த நெற்றியின் தோற்றமா என்று தெரியாத கருவியை இந்த நாட்களில் நம்ப எனக்கு மனம் வரவில்லை.

நிமோனியாவை எந்த வெப்பமானியாலும் சொல்ல முடியாது. பிள்ளை அமைதியாக இருக்கும்போது ஒரு நிமிடம் முழுவதும் மூச்சை எண்ண வேண்டும்: இரண்டு மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்கு 60, ஒரு வயது நிறையும்வரை 50, ஐந்து வயது வரை 40 என்ற அளவை எட்டினால், அல்லது நெஞ்சின் கீழ்ப்பகுதி உள்ளிழுத்தால், காலதாமதமின்றிக் கொண்டுசெல்ல வேண்டும். மூன்று மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு 38 பாகை வந்தாலும் அப்படியே. வாகனம் இல்லாவிட்டால் 1990 என்ற எண்ணில் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும்.

வாங்குவோர் நுனி வளையக்கூடியதையும், பற்றரி மாற்ற மூடி உள்ளதையும் பார்த்து வாங்கலாம். பொத்தான் போன்ற அந்தச் சிறிய பற்றரி கடிகாரக் கடைகளில் கிடைக்கும். யாருக்கும் நோயில்லாத நாளொன்றில் வீட்டிலுள்ள ஒவ்வொருவரின் அக்குள் அளவையும் எடுத்துக் கொப்பியின் முதல் பக்கத்தில் எழுதி வைக்க வேண்டும். முதியவர்களின் வழமையான வெப்பம் பெரும்பாலும் குறைவாகவே இருப்பதால், எப்போதும் 36 காட்டும் பாட்டிக்கு 37.3 வந்து, அவர் சாப்பாட்டை ஒதுக்கிப் பேச்சும் தடுமாறினால், 37.5 வரும்வரை காத்திருக்கக் கூடாது.