ஷோவுக்கு என்று நாயை ஹேண்ட்லரிடம் விடப் போகிறீர்களா? பணம் கொடுக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள்

ஈரோடு, திருப்பூர், கோவைப் பக்கம் பெரிய, நீள முடி நாய் வளர்ப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். ரஃப் கோலி, ஓல்டு இங்கிலீஷ் ஷீப்டாக், நீள முடி ஜெர்மன் ஷெப்பர்டு, எதுவானாலும் சரி. "ஒரு சீசன் என்கிட்ட விடுங்க, சாம்பியன் ஆக்கித் தரேன்" என்று ஹேண்ட்லர் யாராவது, அதாவது ஷோவில் நம் நாயை நடத்திக் காட்டுகிறவர், கேட்டால் உடனே தலையாட்டாதீர்கள். எங்கள் செம்பா அப்படி ஒருவரிடம் போய், உயிர் போகிற நிலையில் எங்கள் கைக்கு வந்தான். புகார் நடந்துகொண்டிருப்பதால் அந்த ஆளின் பெயரையும் ஊரையும் இங்கே போடவில்லை. நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

செம்பா ஆண் ரஃப் கோலி. செம்பழுப்பும் வெள்ளையும் கலந்த நிறம். சென்னிமலைக்குத் தெற்கே எங்கள் தோட்டத்தில்தான் வளர்ந்தான். இந்தச் சூட்டில் இந்த முடியை வைத்துப் பார்ப்பது எவ்வளவு வேலை என்று வளர்த்தவர்களுக்குத் தெரியும். கோலிக்கு இரண்டு அடுக்கு முடி. வெளிமுடி நேராக, தொட்டால் சொரசொரவென்று இருக்கும். அடிமுடி மெத்தென்று, தோலே தெரியாத அளவுக்கு அடர்ந்திருக்கும். கொறங்காட்டுக்குள், அதாவது மேய்ச்சல் காட்டுக்குள், ஒரு தடவை ஓடிவிட்டு வந்தால் போதும், கொழுக்கட்டைப்புல் விதையும் நாயுருவியும் தொடை முடியில் அப்பிக்கொள்ளும். அன்றைக்கே எடுக்காவிட்டால் சிக்கு விழும். காதுக்குப் பின்னால், முன்னங்கால் இடுக்கில், வால் அடியில் முதலில் விழும். காய்ந்த முடியில் சீப்பைப் போட்டு இழுத்தால் முடி அறும். தண்ணீரை லேசாகத் தெளித்து, பகுதி பகுதியாகப் பிரித்து, அடியிலிருந்து சீவ வேண்டும். குளிப்பாட்டினால் அடிமுடி வரை காயவைத்தே ஆக வேண்டும். இல்லையென்றால் அது நனைந்த பஞ்சு மூட்டையாகக் கிடந்து, உள்ளே தோல் வெந்து புண்ணாகிவிடும். இதையெல்லாம் நானும் என் மாமியாரும் மாற்றி மாற்றிச் செய்தோம். நல்ல முடி அவனுக்கு. பார்த்த எல்லோரும் சொன்னார்கள்.

ரிங்கில் ஓட்டுவது வேறு வித்தை. கோலியை நிற்க வைத்துத் தலையைக் காட்டுவதற்கும், நடுவர் முன்னால் சீராக ஓட்டுவதற்கும் பழக்கம் வேண்டும். அதற்காகத்தான் ஆள் தேடினோம். கோவையில் ஒரு ஷோவில் அவரைப் பார்த்தோம். வேறு இரண்டு மூன்று இன நாய்களை நன்றாகவே ஓட்டினார். பேச்சும் நல்ல பேச்சு. "அக்கா, ஊட்டி ஷோவுக்கு நாலு மாசம் இருக்குது. இப்பவே விட்டாத்தான் பழகும். என் வீட்டுப் புள்ளையாட்டம் பாத்துக்கறனுங்க" என்றார். மாதம் 15,000 ரூபாய், நுழைவுக் கட்டணமும் போக்குவரத்தும் தனி. ஊட்டியில் தென்னிந்திய கென்னல் கிளப் நடத்தும் ஷோ எவ்வளவு பழையது, எவ்வளவு மதிப்பானது என்று நாய் வளர்ப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அதில் செம்பா நிற்பான் என்றதும் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம்.

ஐவர்மெக்டின் என்பது உண்ணிக்கும் புழுவுக்கும் போடும் மருந்து. விடும்போதே ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதி, அவன் தீனி டப்பாவின் மேல் ஒட்டிக் கொடுத்தேன்: "ஐவர்மெக்டின் ஊசி, மருந்து எதுவும் கூடாது. உண்ணி வந்தால் என்னைக் கூப்பிடவும்." வாயாலும் சொன்னேன். அவரும் "தெரியுமுங்க அக்கா, கோலிக்கு ஆகாது" என்றார். இதை நினைவில் வையுங்கள்.

முதல் மாதம் படங்கள் ஒழுங்காக வந்தன. அப்புறம் குறைந்தது. வந்த படங்களும் தூரத்தில் எடுத்தவை, இல்லையென்றால் முகம் மட்டும். "முடி எப்படி இருக்கிறது, பக்கவாட்டில் ஒரு படம் போடுங்கள்" என்று கேட்டால், "இப்பத்தான் குளிப்பாட்டினேன், நாளைக்கு அனுப்பறேன்" என்பார். அந்த நாளை வரவே இல்லை. இடையில் கோட் பவுடர், கண்டிஷனர் என்று தனியாகப் பணம் கேட்டார். அனுப்பினோம்.

ஊட்டி ஷோ முடிந்த அன்று மாலை போன் வந்தது. ரிசர்வ் சி.சி., அதாவது சாம்பியன் பட்டத்துக்கு எண்ணும் சான்றிதழுக்கு அடுத்த இடம், கிடைத்ததாகச் சொன்னார். கூடவே ஒரு படம், பச்சைப் புல்லில் ஒரு கோலி நிற்கிறது. என் மாமியார்தான் முதலில் பார்த்தார். "இது நம்ம செம்பா இல்லீங் கண்ணு" என்றார். செம்பாவுக்குக் கழுத்தைச் சுற்றிய வெள்ளை இடது தோளில் அறுந்திருக்கும். இனத் தரப்படி அது குறை கிடையாது, வளையம் முழுசாகவும் இருக்கலாம், பாதியாகவும் இருக்கலாம். படத்திலிருந்த நாய்க்கு வளையம் முழுசாக இருந்தது. நடுவர் கையெழுத்துப் போட்ட சீட்டைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். தபாலில் வரும் என்றார். ஷோவுக்குப் பதிவான நாய்களின் பட்டியல் இருக்கும் கேட்லாக்கைக் கேட்டேன். தீர்ந்துபோய்விட்டது என்றார். ஊட்டிக்குப் போயிருந்த தெரிந்தவர் ஒருவரிடம் கேட்லாக் இருந்தது. கோலிப் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பினார். செம்பாவின் பெயரே அதில் இல்லை. பதிவே செய்யவில்லை. நுழைவுக் கட்டணத்தை மட்டும் வாங்கியிருக்கிறார்.

அடுத்த நாள் காலையில் சொல்லாமல் கிளம்பினோம். நான், என் வீட்டுக்காரர், மாமா மூவரும். கோழிப்பண்ணைக்குப் பின்னால் சிமெண்ட் ஷீட் போட்ட கொட்டகை. அவர் முதலில் காட்டிய இடம் அது கிடையாது. உள்ளே நீளமாகத் தடுப்புகள், ஓஸில் கழுவிவிட்ட ஈரத் தரை, சுவர் விரிசலெல்லாம் உண்ணி. நாயின் மேலிருக்கும் பழுப்பு உண்ணி இறங்கி, சுவரில் ஏறி, விரிசலில்தான் முட்டையிடும். நாய்க்கு மட்டும் மருந்து போட்டு இந்தக் கொட்டகையில் உண்ணியை ஒழிக்க முடியாது. இருபது தடவை போட்டாலும் சுவரிலிருந்து மறுபடி ஏறும்.

செம்பா கடைசித் தடுப்பில் படுத்திருந்தான். அடையாளமே தெரியவில்லை. சிக்கு விழுந்த முடியைச் சீவ முடியாமல் முதுகு, தொடை, கழுத்து எல்லாவற்றையும் மெஷின் போட்டு வழித்திருந்தார்கள். அங்கங்கே ஈரப் புண். பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். எழுந்தான், பின்னங்கால் பின்னிக்கொண்டு விழுந்தான். வாயிலிருந்து எச்சில் வடிந்துகொண்டே இருந்தது. அந்த வெளிச்சத்திலும் கண்மணி அகலமாக விரிந்திருந்தது. கையை முகத்துக்கு நேராக வீசினால் இமைக்கவில்லை.

"ஊசி போட்டீங்களா?" என்றுதான் கேட்டேன்.

"உண்ணி ரொம்ப ஜாஸ்தியாயிருச்சுங்க அக்கா. நேத்துச் சாயங்காலம் எல்லாத்துக்கும் போட்டமுங்க. ஆட்டுக்குப் போடறதுதானுங்க, ஒண்ணும் ஆகாது" என்றார்.

மருந்துக் குப்பியை வாங்கிப் பார்த்தேன். ஐவர்மெக்டின், ஒரு மில்லியில் 10 மில்லிகிராம். ஒரு மில்லி போட்டிருக்கிறார். செம்பா 25 கிலோ. அதாவது கிலோவுக்கு 400 மைக்ரோகிராம். நான் எழுதி ஒட்டிய தாள் அந்த டப்பாவின் மேல் அப்படியே இருந்தது.

இந்த ஊசி ஏன் கோலிக்கு ஆகாது என்பதைக் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன். நம் ஊரில் ஆடு, மாட்டுக்குப் போடும் ஊசியை நாய்க்கும் போடுவது சாதாரணமாகிவிட்டது. மூளைக்குள் மருந்து புகாமல் திருப்பித் தள்ளுவதற்கு உடம்பில் ஒரு புரதம் இருக்கிறது. அதை உண்டாக்கும் மரபணுவுக்கு எம்.டி.ஆர்.1 என்று பெயர். கோலிகளில் பலவற்றுக்கு இந்த மரபணு பழுதாகவே பிறவியில் வருகிறது. 2001இல் வாஷிங்டன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் இதைக் கண்டுபிடித்தார்கள். அங்கே பத்துக் கோலியில் சுமார் ஏழுக்கு இந்தப் பழுது தாய் வழியிலோ தகப்பன் வழியிலோ ஒன்றாவது வந்திருக்கிறது என்று சொல்கிறார்கள். அப்படிப்பட்ட நாய்க்கு மருந்து நேராக மூளைக்குள் போகும். இதயப் புழுவுக்குக் கொடுக்கும் அளவு கிலோவுக்கு 6 மைக்ரோகிராம்தான், அது கோலியையும் ஒன்றும் செய்யாது. கிலோவுக்கு 100 தாண்டினாலே பழுதுள்ள கோலிக்கு ஆபத்து. இங்கே போட்டது 400. ஷெல்டி, ஆஸ்திரேலியன் ஷெப்பர்டு, ஓல்டு இங்கிலீஷ் ஷீப்டாக் இனங்களிலும் இந்தப் பழுது உண்டு. ஜெர்மன் ஷெப்பர்டிலும் சிலவற்றுக்கு உண்டு. வயிற்றுப்போக்குக்கு நாம் போடும் லோபரமைடு மாத்திரையும் இந்த நாய்களுக்கு இதே மாதிரி ஆபத்துதான். பரிசோதித்துத் தெரிந்துகொள்ளாதவரை உங்கள் கோலிக்குப் பழுது இருப்பதாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

நேராக நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுபோனோம். வழியிலேயே உடம்பு உதற ஆரம்பித்துவிட்டது. இந்த விஷத்துக்கு என்று மாற்று மருந்து கிடையாது என்று டாக்டர் முதலிலேயே சொல்லிவிட்டார். உடம்பு தானாக வெளியே தள்ளும் வரை உயிரைப் பிடித்து வைப்பதுதான் வைத்தியம். டிரிப் ஏற்றினார்கள், மூச்சைக் கவனித்தார்கள், ஒரே பக்கம் படுத்துப் புண் வராமல் திருப்பிப் படுக்க வைத்தார்கள், மூடாத கண்ணுக்கு மருந்து விட்டார்கள். ரத்தத்தில் தட்டணுவும் குறைந்திருந்தது, உண்ணிக் காய்ச்சல் தனியாக இருந்தது. அங்கே இருந்த இளம் டாக்டர்களுக்கு எங்கள் குடும்பம் காலத்துக்கும் கடமைப்பட்டிருக்கிறது. பார்வை மெல்ல மெல்லத் திரும்பியது. இப்போது தானாக நடக்கிறான், சாப்பிடுகிறான். முடி பழையபடி வர ஒரு வருடத்துக்கு மேல் ஆகலாம் என்கிறார்கள். வராவிட்டாலும் பரவாயில்லை.

அந்த ஆள் முதலில் மன்னிப்புக் கேட்டார். பணத்தைத் திருப்பிக் கேட்டதும் பேச்சு மாறியது. "உங்க நாய்க்குத்தான் பலவீனம், மத்ததெல்லாம் நல்லாத்தானே இருக்குது" என்றார். வேறு யாருக்கோ நடந்திருந்தால் நானும் அதை நம்பியிருக்கக் கூடும், அவ்வளவு தெம்பாகச் சொன்னார். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுத்திருக்கிறோம். 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் கிடையாது, இணையம் வழியாகவே பதியலாம், இரண்டு வருடத்துக்குள் கொடுக்க வேண்டும். 1960ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டத்தில், தெரிந்தே விலங்குக்குக் கெடுதலான மருந்து கொடுப்பதும் குற்றம். பணம் அனுப்பிய ரசீது, வாட்ஸ்அப் பேச்சு, குப்பியின் படம், மருத்துவமனைச் சீட்டு எல்லாம் எங்களிடம் இருப்பதால்தான் தைரியமாக நிற்கிறோம். உங்கள் பணப் பேச்சையும் வாயோடு விடாதீர்கள், எழுத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஹேண்ட்லர்கள் எல்லோரும் இப்படி என்று நான் சொல்லமாட்டேன். நாயைத் தன் கட்டிலடியில் படுக்க வைக்கிற நல்லவர்களையும் பார்த்திருக்கிறேன். ஆனால் நாய் இரவில் படுக்கப்போகும் இடத்தைக் காட்டாதவரிடம் விடாதீர்கள். காட்டிய பிறகும் ஒரு தடவை சொல்லாமல் போய்ப் பாருங்கள். ஷோவுக்குப் பதிவு செய்தேன் என்றால் பதிவு உறுதியானதற்கான தாளைக் கேளுங்கள். அது உங்கள் பெயரில், நாயின் கே.சி.ஐ. (இந்திய கென்னல் கிளப்) பதிவு எண்ணோடு இருக்க வேண்டும். கேட்லாக்கை வேறு யாரிடமாவது வாங்கிச் சரிபாருங்கள். முடி நாய் என்றால் வாரம் ஒரு தடவை வீடியோ கால் போட்டு, காதுக்குப் பின்னாலும் தொடையிலும் முடியைப் பிரித்துக் காட்டச் சொல்லுங்கள். ஒழுங்காகப் பார்ப்பவருக்கு அது இரண்டு நிமிட வேலை. வெயிலுக்கு நல்லது என்று சொல்லி முடியை வழிக்க ஒப்புக்கொள்ளாதீர்கள். அந்த அடுக்குதான் வெயிலிலிருந்து தோலைக் காக்கிறது.

உங்கள் கோலிக்கு யாராவது இந்த ஊசியைப் போட்டுவிட்டார்கள் என்று தெரிந்தால், விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். எச்சில், தள்ளாட்டம் எதுவும் இன்னும் தெரியாவிட்டாலும் கிளம்புங்கள். குப்பியைக் கையோடு எடுத்துக்கொள்ளுங்கள், கொடுக்கமாட்டேன் என்றால் லேபிளைப் படம் எடுங்கள். எத்தனை மில்லி, எத்தனை மணிக்குப் போட்டது என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். டாக்டர் முதலில் கேட்பது அதைத்தான்.