மீட்பகத்துப் பிட்புல்லா, கன்னியா, நாட்டுக்குட்டியா: திருநெல்வேலி வீட்டுக்கு எது பொருந்தும்?

திருநெல்வேலிப் பக்கம் நாய் வளர்க்க நினைக்கும் குடும்பத்துக்கு மூன்று வழிகள் உண்டு. யாரோ ஆசையாக வாங்கிப் பின்னர் கைவிட்டதால் மீட்பகத்துக்கு வந்து சேர்ந்த பிட்புல் வகை நாயைத் தத்தெடுக்கலாம். கோவில்பட்டி, கழுகுமலை வட்டாரத்தில் வளர்ப்போரிடம் கன்னி அல்லது சிப்பிப்பாறை என்னும் நம் பக்கத்து வேட்டைநாய் இனத்துக் குட்டி வாங்கலாம். அதே மீட்பகத்திலிருந்து ஒரு நாட்டுக்குட்டியை, அதாவது சாதாரணத் தெருநாய்க் குட்டியை, எடுத்து வரலாம். இனத்தின் பெயரைவிட, வீட்டு வாசல் எப்படிப்பட்டது, பகலில் வீட்டில் இருப்பவர் யார் என்ற இரண்டையும் வைத்தே இவற்றை ஒப்பிட வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

பிட்புல்லின் முன்னோர், பிரிட்டனில் காளையோடு மோதவிடுவதற்காக வளர்க்கப்பட்ட நாய்கள். அந்த விளையாட்டு 1835-இல் தடை செய்யப்பட்ட பிறகு, நாயோடு நாயை மோதவிடும் சண்டைக்காக புல்டாக்கையும் டெரியர் என்னும் சுறுசுறுப்பான வேட்டைநாயையும் கலந்து உருவாக்கினார்கள். ஆகவே, மனிதரிடம் குழைந்து பழகும் ஒரு பிட்புல், எதிரே வரும் தெருநாயைக் கண்டதும் பாயக்கூடும். இரண்டும் வெவ்வேறு குணங்கள். மனிதருக்கு ஆபத்தே இல்லை என்றும் சொல்ல முடியாது: 2022-இல் லக்னோவில் ஒரு மூதாட்டி, தம் வீட்டுப் பிட்புல் கடித்தே இறந்தார். எந்த நாயும் கடிக்கலாம். பிட்புல் பிடித்தால் எளிதில் விடாது என்பதால் காயம் கடுமையாகிறது. தத்தெடுப்பவர் இதை மறைக்காமல் வீட்டிலுள்ள அனைவரிடமும் சொல்லிவிட வேண்டும்.

ஆனாலும் பிட்புல்தான் வேண்டும் என்பவருக்கு, விலைக்கு வாங்கும் குட்டியைவிட மீட்பகத்தில் உள்ள வளர்ந்த நாயே நல்லது என்பேன். பிற நாய்களிடம் காட்டும் பகைக்குணம் இரண்டு மாதக் குட்டியிடம் வெளிப்படாது. ஒன்று முதல் மூன்று வயதுக்குள்தான் தெரியவரும். வளர்ந்த நாயின் குணத்தை, அதற்குத் தினமும் சோறு வைப்பவர் அறிந்திருப்பார். அமெரிக்காவில் 2007-இல் நாய்ச்சண்டைக் கும்பலிடமிருந்து மீட்கப்பட்ட பிட்புல்களில் பல, ஒவ்வொன்றாகச் சோதிக்கப்பட்டுப் பின்னர் குடும்பங்களில் இயல்பாக வாழ்ந்தன.

பார்க்கப் போகும்போது நாயை நிதானமாகக் கவனியுங்கள். காதுமடல் வெட்டப்பட்டிருக்கலாம், கழுத்தில் சங்கிலி அறுத்த வளையத்தில் முடி முளைக்காமல் இருக்கலாம், வெறும் சிமெண்டுத் தரையில் கிடந்ததால் முன்னங்கால் முட்டிகள் காய்த்துக் கறுத்திருக்கலாம். இவை அது பட்ட பாட்டைச் சொல்லுமே ஒழிய, அதன் குணத்தைச் சொல்லா. குணம் தெரிய வேண்டுமானால், அது தின்னும்போது பராமரிப்பவர் பக்கத்தில் நடந்து செல்வதைப் பாருங்கள். வாலை ஆட்டியபடி தொடர்ந்து தின்றால் நல்லது. தின்பதை நிறுத்தி, உடல் விறைத்து, தலையைத் தூக்காமல் கடைக்கண்ணால் பார்த்தால், சிறு குழந்தைகள் உள்ள வீட்டுக்கு அந்த நாய் வேண்டாம்.

கன்னியும் சிப்பிப்பாறையும் நம் வெயிலுக்குப் பழகியவை. மெலிந்த உடலும் குட்டை முடியும் அதற்குத் துணை. பார்வையால் இரையைக் கண்டு விரட்டும் வேட்டைநாய்கள் என்பதால், அக்கம்பக்கத்துக் கோழிக்கும் ஆட்டுக்குட்டிக்கும் ஆபத்து. வயல், தோட்டம் உள்ளவருக்கு இவற்றைவிடப் பொருத்தமான நாய் இல்லை. பாளையங்கோட்டையில் மாடி வீட்டில் கட்டிப்போட்டு வளர்ப்பது இவற்றுக்குச் செய்யும் கொடுமை. ராஜபாளையமும் நினைவுக்கு வரும். வெள்ளைக் குட்டிகள் சில பிறவியிலேயே காது கேளாதவை என்பதால், கைதட்டிப் பார்த்தே வாங்க வேண்டும்.

பல குடும்பங்கள் ஒரே முற்றத்தைப் புழங்கும் வளவு வீடுகளுக்கு, பெரும்பாலும் நாட்டுக்குட்டியே போதும். எளிய உணவில் வளரும். தோல்நோயும் ஒப்பீட்டளவில் குறைவு. பிட்புல்லுக்கோ தோல் ஒவ்வாமை அடிக்கடி வரும். உண்ணிக் காய்ச்சல் மட்டும் எந்த நாயையும் விட்டுவைக்காது. ராமையன்பட்டியில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருப்பது நமக்கு நல்வாய்ப்பு; வெறிநோய்த் தடுப்பூசியை ஆண்டுதோறும் போட்டுவிட வேண்டும்.

சட்ட நிலையையும் பார்க்க வேண்டும். பிட்புல் உள்ளிட்ட 23 இனங்களின் இறக்குமதி, இனப்பெருக்கம், விற்பனை ஆகியவற்றுக்குத் தடை விதிக்கவும், ஏற்கெனவே வளர்க்கப்படுபவற்றுக்குக் கருத்தடை செய்யவும் கோரி மத்திய அரசு 2024 மார்ச்சில் மாநிலங்களுக்குக் கடிதம் எழுதியது. அடுத்த மாதமே கர்நாடக உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. விதிகள் மாறக்கூடியவை என்பதால், உள்ளாட்சி அலுவலகத்தில் உரிமம் பற்றிக் கேட்டுவிட்டே நாயைக் கொண்டுவர வேண்டும். சட்டம் கேட்டாலும் கேட்காவிட்டாலும், பிட்புல்லுக்குக் கருத்தடை செய்திருக்க வேண்டும் என்பதே என் நிலை.

ஆளுயரச் சுற்றுச்சுவரும், தாழிட்ட கேட்டும், பகல் முழுவதும் உடனிருக்கும் வலுவான பெரியவர் ஒருவரும், வேறு நாய் இல்லாத வீடும் அமைந்தவர், குணம் தெரிந்த பிட்புல்லைத் தயங்காமல் கொண்டுவரலாம். தார்சா என்னும் முன்கூடத்தில் ஆச்சி தனியே இருக்க, பேரப்பிள்ளைகள் கதவைத் திறந்து போட்டு ஓடியாடும் வீட்டுக்கு நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். இரண்டுக்கும் நடுவே ஊசலாடுபவர், சில வாரங்கள் வைத்துப் பார்த்து, ஒத்துவராவிட்டால் திரும்ப ஏற்றுக்கொள்ள மீட்பகம் சம்மதிக்கிறதா என்று முதலிலேயே கேட்டு, அதை எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும்.