கோடோவா பெவியா: கடைசி வார்த்தை யாரோடது?

மன்னார்குடில நாங்க ரெண்டு பேரு சேந்து, மதகத் திறந்து மூடி வயலுக்குத் தண்ணி பாய்ச்சற ஒரு 2டி பசில் கேம் பண்ணிட்டு இருக்கோம், என்ஜின் (கேம் கட்டற சாஃப்ட்வேர்) கோடோ. பெவின்னு இன்னொரு என்ஜினையும் கொஞ்ச நாள் நோண்டிப் பாத்துட்டுத்தான் இங்க வந்தோம், அதனால நான் கோடோ பக்கம் சாஞ்சுதான் பேசுவேன்.

தெரிஞ்ச விஷயத்த சட்டுனு முடிச்சிடறேன். ரெண்டுமே இலவசம், ஓப்பன் சோர்ஸ். கோடோல எடிட்டர் கூடவே வருது, பெவிக்கு ரஸ்ட்ங்கற ப்ரோக்ராமிங் மொழி தெரியணும், பழைய லேப்டாப்ல மொத கம்பைல் (கோட ஓடற ப்ரோக்ராமா மாத்தறது) போட்டுட்டு டீக்கடைக்கே போயிட்டு வந்துடலாம். ஓ3டிஇ-ன்னு இன்னொண்ணு இருக்கு, அமேசானோட லம்பர்யார்ட் என்ஜின்ல இருந்து பொறந்து 2021ல லினக்ஸ் ஃபவுண்டேஷன் கைக்குப் போனது, கம்பெனிகளும் கமிட்டிகளும் சேந்து நடத்தறது. எங்க சைஸுக்கு அது ரொம்பப் பெருசு.

எனக்கு ஒரே கேள்விதான். முடிவு யாரு எடுக்கறா, அவரு நாளைக்கு விலகிட்டா என்ன ஆகும்? யூனிட்டின்னு ஒரு கம்பெனியோட என்ஜின் இருக்கு, அவங்க 2023 செப்டம்பர்ல இன்ஸ்டால் கணக்குப்படி கட்டணம்னு அறிவிச்சு, சரியா ஒரு வருஷத்துல ரத்து பண்ணாங்க. ரத்து பண்ணது சந்தோஷம், ஆனா மேட்டூர் எப்ப திறப்பாங்கன்னு பாத்துட்டு உக்காந்திருக்கற கடைமடை விவசாயி கணக்கா கேம் பண்றதுலயும் உக்காரணுமா?

கோடோவ ஆரம்பிச்சது அர்ஜென்டினாக்காரங்க ரெண்டு பேரு, ஹுவான் லினியட்ஸ்கியும் ஏரியல் மன்சூரும். 2014ல யாரு வேணா எடுத்து மாத்திக்கலாம்ங்கற எம்ஐடி லைசென்ஸ்ல திறந்து விட்டாங்க. 2022ல நெதர்லாந்துல தனி ஃபவுண்டேஷன் அறிவிச்சாங்க, நன்கொடைப் பணம் அங்கதான் வருது. எனக்குப் புடிச்சது என்னன்னா, கோடு எழுதிக் குடுக்கறவங்க காப்பிரைட்ட யாருக்கும் எழுதிக் குடுக்க வேண்டியதில்ல, அது அவங்கவங்ககிட்டயே இருக்கும், அதனால இன்னிக்கி வரைக்கும் வந்த கோட ஒரு ஆளு நெனச்சு பூட்டிட முடியாது. 2024ல சோஷியல் மீடியா சண்டைல சில பேரு பிரிஞ்சு ரீடாட்னு தனி ஃபோர்க் (அதே கோட எடுத்து தனியா நடத்தறது) போட்டாங்க, கோடோ வேல பாட்டுக்கு நடந்துச்சு.

அன்னாட வேலைய ஏரியா வாரியா பிரிச்சு வச்சிருக்காங்க, படத்த திரைல வரையற ரெண்டரிங்குக்கு ஒரு டீம், ஃபிசிக்ஸுக்கு ஒண்ணு. எங்களுக்கு இதோட பலன் தமிழ்ல தெரிஞ்சுது. கோடோ 3ல 'கெ'ன்னு போட்டா கொம்பு 'க'வுக்குப் பின்னாடி போய் நிக்கும். 4.0ல, அதாவது 2023 மார்ச்ல, டெக்ஸ்ட் பகுதிய ஹார்ஃப்பஸ்ங்கற, எழுத்துகள ஒழுங்கா கோக்கற லைப்ரரி வச்சு புதுசா எழுதினாங்க, இப்ப எங்க மெனுல 'கொள்ளிடம்' ஒழுங்கா வருது. மேல இருக்கறவரு ஒவ்வொண்ணா தலையிட்டுத்தான் நடக்கணும்னா இதெல்லாம் எப்ப வரும்னு சொல்லுங்க.

குறையும் இருக்கு. புல் ரெக்வஸ்ட், அதாவது 'இத சேத்துக்கோங்க'ன்னு ஆளுங்க அனுப்பற கோடு மாத்தம், ஆயிரக்கணக்குல தேங்கிக் கெடக்கு, சின்ன ஃபிக்ஸ் கூட மாசக்கணக்கா தூங்கும். தலைமைல இருந்த சில பேரு 2022ல டபிள்யூ4ன்னு கம்பெனியும் ஆரம்பிச்சாங்க, அது மேல ஒரு கண்ணு வச்சுக்கறது நல்லது.

பெவில கார்ட்டர் ஆண்டர்சன்தான் ப்ராஜெக்ட் லீட், 2020ல வெளியிட்டாரு. அவருக்குக் கீழ மெயின்டெய்னர்கள் (கோட பராமரிக்கறவங்க), துறை வல்லுநர்கள்னு இருக்காங்க. சாதாரண புல் ரெக்வஸ்டுன்னா கம்யூனிட்டில ரெண்டு பேரு ஓகே சொன்னாப் போதும், மெயின்டெய்னர் மெயின் கோடுல சேத்துடுவாரு, சர்ச்சையானதுன்னா வல்லுநர்கள், லீட்னு மேல போகும். ரிவ்யூ பண்ண பதவி வேணாம்ங்கறது நெஜமாவே அருமை, இந்த விஷயத்துல கோடோவ விட தெளிவு. ஃபவுண்டேஷனும் 2024ல வந்துருச்சு. நான் உள்ள போய் கோடு குடுத்ததில்ல, ஓரமா நின்னு பாத்தத வச்சு சொல்றேன், பெரிய முடிவுல கடைசி வார்த்தை இன்னும் ஒருத்தர்கிட்டதான். தமிழ் எழுத்த ஒழுங்கா கோக்கற காஸ்மிக் டெக்ஸ்ட்ங்கற லைப்ரரி பெவி 0.15லதான், 2024 நவம்பர்ல சேந்துச்சு. வெர்ஷன் மாறும்போதெல்லாம் பழைய கோடு உடையும், எத எப்படி மாத்தணும்னு சொல்ற மைக்ரேஷன் கைடு நல்லா எழுதறாங்க, ஆனா திருத்தறது நாமதான.

ரஸ்ட் கைல இருக்கு, என்ஜினுக்குள்ளயே வேல பாக்கணும்னு ஆசைன்னா பெவிக்குப் போங்க, அங்க புதுசா வர்ற ஆளோட ரிவ்யூவுக்கும் மதிப்பு இருக்கு. கேம முடிச்சு வெளிய விடணும்னா கோடோ. கோடு எழுத வராதுன்னாலும் வெப்லேட்ங்கற மொழிபெயர்ப்பு சைட்ல கோடோ எடிட்டர் மொழிபெயர்ப்புல கை வைக்கலாம், எங்க ஆர்டிஸ்ட் அங்கதான் ஆரம்பிச்சிருக்கா.