சரிபாதியா, 51-49ஆ, மூணாவது ஆளா? பார்ட்னர் கூட தொழில் பண்ண எது தேவலாம்

பங்காளின்னா சொத்துல பங்கு உள்ளவன்னு அர்த்தம், ஆனா அந்த வார்த்தையை சொன்னதும் அடுத்து வாயில தானா வர்றது சண்டைதான். அதனாலயே நம்மாளுங்க நிறைய பேரு அண்ணன் தம்பி கூட தொழிலே வேணாம்னு ஒதுங்கி, ஃப்ரெண்டு கூடவோ மச்சான் கூடவோ ஆரம்பிக்கறாங்க. ஆரம்பிச்சு மூணு வருஷத்துல அவங்களும் பங்காளி ஆயிடறாங்க, அது வேற கதை.

நானும் அப்படித்தான். திருப்பூர்ல டீஷர்ட் ப்ரிண்டிங் ஜாப் ஒர்க் யூனிட், கூடப் படிச்சவன் கூட, சரிபாதி. அஞ்சு வருஷம் ஓடுச்சு, அப்புறம் பிரிஞ்சோம். இப்போ இன்னொரு யூனிட் என் மச்சான் கூட நடத்தறேன், பங்கு வேற மாதிரி. ரெண்டையும் பார்த்ததுல தோணுனதை எழுதறேன். புதுசா ஆரம்பிக்கற யாரைப் பார்த்தாலும் "ஷேர் எப்படி பிரிக்கலாம்"னு தான் முதல்ல கேக்கறாங்க, சரி அதுல இருந்தே வருவோம்.

சரிபாதி, அதாவது 50-50

இதுல மனசு நிம்மதி ஜாஸ்தி. ராத்திரி ரெண்டு மணிக்கு மெஷின் நின்னு போச்சுன்னா ரெண்டு பேருமே ஓடி வருவாங்க, ஏன்னா ரெண்டு பேருக்கும் அது சொந்த மெஷின். வெளிநாட்டுல ஸ்டார்ட்அப்களை வளர்த்து விடற ஒய் காம்பினேட்டர் கூட பங்கை சமமாவோ கிட்டத்தட்ட சமமாவோ பிரிங்கன்னு தான் சொல்றாங்க. ஐடியா யாரு கொடுத்தாங்கறது பெரிய விஷயமில்ல, இனிமே பத்து வருஷம் உழைக்கணும்ல, அதுக்குத் தான் பங்குங்கறது அவங்க வாதம். எனக்கு அது சரின்னு தான் படுது.

பிரச்சனை எங்கன்னா முடிவு எடுக்கறதுல. பார்ட்னர்ஷிப் ஃபர்ம்னா 1932 சட்டம், செக்ஷன் 12 சாதாரண விஷயங்கள்ல கருத்து வேறுபாடு வந்தா பெரும்பான்மை என்ன சொல்லுதோ அதுதான்னு சொல்லுது, ஆனா இருக்கறதே ரெண்டு பேரு, இதுல பெரும்பான்மைக்கு எங்க போறது. பிரைவேட் லிமிடெட்லயும் அதே கதை, 50-50ல ஒருத்தர் வேணாம்னா ஒரு தீர்மானமும் பாஸ் ஆகாது. எங்களுக்கு ஒரு ஆட்டோமேட்டிக் மெஷின்ல வந்து முட்டுச்சு. அவன் லோன் போட்டு வாங்கலாம்கறான், நான் கையால ப்ரிண்ட் பண்ற டேபிள்லயே இன்னும் ஒரு வருஷம் ஓட்டலாம்கறேன், ஏழு மாசம் இதையே பேசினோம், வாங்கவும் இல்ல வேணாம்னு முடிவு பண்ணவும் இல்ல, அதுக்குள்ள ரெகுலரா ஆர்டர் கொடுத்துட்டு இருந்த எக்ஸ்போர்ட் கம்பெனி வேற யூனிட்டுக்கு போயிருச்சு. இப்ப யோசிச்சா அவன் சொன்ன மாதிரியே வாங்கியிருக்கலாம், இல்ல நான் சொன்ன மாதிரியே விட்டிருக்கலாம், ரெண்டுல எது பண்ணியிருந்தாலும் அந்த ஏழு மாசத்தை விட நல்லா இருந்திருக்கும்.

இன்னொன்னு, ஆளுங்க ரொம்ப சீக்கிரம் கண்டுபிடிச்சிடறாங்க. அம்மா வேணாம்னா அப்பாகிட்ட போய் கேக்கற பசங்க மாதிரி, நான் அட்வான்ஸ் தர மாட்டேன்னு சொன்னா சூப்பர்வைசர் நேரா அவன்கிட்ட போயிடுவாரு. அவனும் கொடுத்துடுவான். நான் கெட்டவன், அவன் நல்லவன். மாசத்துல பாதி சண்டை இதுலயே போகும்.

51-49

ஆடிட்டருங்க நிறைய பேரு சொல்றது இது, "ஒருத்தர் கையில 51 வெச்சுக்கங்க, முட்டுக்கட்டை வராது". உண்மைதான், முட்டுக்கட்டை வராது. ஆனா அந்த ரெண்டு பர்சன்ட் வித்தியாசத்துல என்ன கைமாறுதுன்னு 49 வாங்கறவருக்கு யாரும் விளக்கறதில்ல. 2013 கம்பெனிச் சட்டப்படி சாதாரண தீர்மானத்துக்கு பாதிக்கு மேல ஓட்டு இருந்தா போதும், ஒரு டைரக்டரை தூக்கறதுக்கும் (செக்ஷன் 169) அந்த சாதாரண தீர்மானமே போதும். அதாவது 51 வெச்சிருக்கறவர் நெனச்சா முறையா நோட்டீஸ் கொடுத்து, உங்க பதிலையும் கேட்டுட்டு, உங்களை டைரக்டருங்க போர்டுல இருந்து அனுப்பிடலாம். கம்பெனி பேரை மாத்தறது, ஆர்ட்டிகிள்ஸை (கம்பெனியோட உள்விதிகளை) மாத்தறது மாதிரி ஸ்பெஷல் தீர்மானத்துக்கு தான் 75 சதவீதம் ஓட்டு வேணும், அதை 49 வெச்சிருக்கறவர் தடுக்கலாம்.

இதுல ஒரு வேடிக்கை. 26 பர்சன்ட் வெச்சிருக்கறவராலயும் அதே அளவு தான் தடுக்க முடியும், 49 வெச்சிருக்கறவரால அதுக்கு மேல ஒண்ணும் முடியாது. ஓட்டு பலத்துல 49ம் 26ம் ஒண்ணுதான், வித்தியாசம் லாபத்துலயும் விக்கும்போது வர்ற காசுலயும் மட்டும். அதனால "நமக்குள்ள என்ன, ஒரே ஒரு பர்சன்ட் தானே கூட"ன்னு யாராவது சொன்னா சிரிச்சுக்கிட்டே ஒரு வக்கீலைப் பாருங்க.

அதுக்காக 51 கெட்டதுன்னு சொல்ல வரல. ஒருத்தர் முழு நேரம், இன்னொருத்தர் வேலையை விடாம பணம் மட்டும் போட்டிருக்கார்னா, அங்க சரிபாதி வெச்சீங்கன்னா தான் வயித்தெரிச்சல் வரும். உழைக்கறவன் கையில கடைசி வார்த்தை இருக்கட்டும்.

பங்கும் அதிகாரமும் ஒண்ணு இல்லங்கறதுக்கு பெரிய உதாரணம் இண்டிகோ. ராகுல் பாட்டியா, ராகேஷ் கங்வால் ரெண்டு பேரும் ஆரம்பிச்ச விமான கம்பெனி, 2006ல பறக்க ஆரம்பிச்சது. 2019ல சண்டை வெளிய வந்தப்போ பாட்டியா பக்கம் சுமார் 38 பர்சன்ட், கங்வால் பக்கம் சுமார் 37, கிட்டத்தட்ட சமம். ஆனா ஐபிஓவுக்கு (பங்கை பொதுமக்களுக்கு விக்கறதுக்கு) முன்னாடி போட்ட ஒப்பந்தத்துல, சேர்மன் யாரு, எம்டி யாரு, சிஇஓ யாருன்னு சொல்ற உரிமை பாட்டியா பக்கம் இருந்துச்சு. நிர்வாகம் சரியில்லன்னு கங்வால் பங்குச் சந்தையைக் கண்காணிக்கற செபிக்கு கடிதம் எழுதினாரு, ஒரு பான் கடையே இதை விட நல்லா நடத்துவாங்கங்கற அர்த்தத்துல ஒரு வரி வரும், ரொம்ப பேமஸ் ஆச்சு. பாட்டியா தரப்பு எல்லாத்தையும் மறுத்தாங்க. 2022 பிப்ரவரியில கங்வால் போர்டுல இருந்து விலகி, பங்கை அஞ்சு வருஷத்துல கொஞ்சம் கொஞ்சமா குறைச்சுக்கறேன்னு சொல்லிட்டாரு. யாரு பக்கம் நியாயம்னு நமக்கு எதுக்கு. எனக்கு அதுல பட்டது ஒண்ணு தான், இவ்ளோ சண்டையிலயும் ஃபிளைட் நிக்கல, ஏன்னா யாரு கையெழுத்து போடணும்னு பேப்பர்ல இருந்துச்சு. அதே பேப்பர் தான் சண்டைக்கும் காரணம்னு நீங்க சொன்னா அதையும் மறுக்க மாட்டேன்.

மூணாவது ஆள்

ரெண்டு பேருக்கும் பொதுவா ஒருத்தரை வெச்சு, இழுபறி வந்தா அவரு சொல்றது தான்னு வெக்கறது. கேக்க நல்லா இருக்கும். ஆப்பிள் 1976 ஏப்ரல்ல ஆரம்பிச்சப்போ அப்படித்தான், ஜாப்ஸுக்கு 45, வோஸ்னியாக்குக்கு 45, ரெண்டு பேரும் முட்டிக்கிட்டா தீர்த்து வெக்க ரொனால்ட் வேய்னுக்கு 10. அவரு 12 நாள்ல எழுதிக் கொடுத்துட்டு கிளம்பிட்டாரு, பங்குக்கு கிடைச்சது 800 டாலர். எல்லாரும் அவரை ஏமாளின்னு சிரிக்கறாங்க, ஆனா அது பார்ட்னர்ஷிப், கடன் திரும்பலன்னா பார்ட்னருங்க சொந்த சொத்து வரைக்கும் வருவாங்க, மூணு பேர்ல சொத்துன்னு ஏதோ வெச்சிருந்தவர் அவரு தான். நம்ம ஊர் சட்டத்துலயும் அதே தான், ஃபர்ம் கடனுக்கு ஒவ்வொரு பார்ட்னரும் முழுசா பொறுப்பு. பத்து பர்சன்ட் லாபத்துக்காக நூறு பர்சன்ட் கடனுக்கு யாருங்க நிப்பாங்க? மூணாவது ஆளை கூட்டிட்டு வர்றதுக்கு முன்னாடி ஃபர்மா, எல்எல்பியா (பார்ட்னரோட கடன் பொறுப்புக்கு அளவு இருக்கற வகை), பிரைவேட் லிமிடெட்டான்னு முடிவு பண்ணிடுங்க.

கூகுள்ல வேற மாதிரி, லேரி பேஜும் செர்கே பிரின்னும் 2001ல எரிக் ஷ்மிட்டை சிஇஓவா கொண்டு வந்தாங்க, அவரு நாட்டாமை பண்ண வரல, கம்பெனியை நடத்த வந்தாரு, பத்து வருஷம் நடத்தினாரு. அந்த அளவு ஆள் நமக்கு கிடைக்கறது கஷ்டம். இங்க மூணாவது ஆள்னா பெரும்பாலும் ரெண்டுல ஒருத்தரோட மாமனார். ரெண்டே மாசத்துல அது 66-33 ஆயிடும்.

மூணுக்கும் பொதுவா, இதை விட்டா எந்த கணக்கும் நிக்காது

எனக்கு இப்போ பர்சன்டேஜ் மேல அவ்ளோ நம்பிக்கை இல்ல. பங்கு சமமா இருக்கட்டும், ஆனா எல்லா விஷயத்துலயும் ரெண்டு பேருக்கும் சம வாக்குன்னு வெக்காதீங்க. மச்சான் கூட ஆரம்பிச்சப்போ நாங்க 55-45, அது மச்சான் போட்ட பணத்துக்கு. ஆனா ப்ரொடக்ஷன், ஆளுங்க, மெஷின் எல்லாம் நான், பையர், ரேட், கலெக்ஷன் எல்லாம் அவங்க. என் ஏரியால அவங்க கருத்து சொல்லலாம், தடுக்க முடியாது, அதே மாதிரி தான் அவங்க ஏரியால நானும். ரெண்டு லட்சத்துக்கு மேல செலவு, புது லோன், சொந்தக்காரங்களை வேலைக்கு எடுக்கறது, இந்த மூணுக்கு மட்டும் ரெண்டு கையெழுத்து. இதுலயும் இழுத்துச்சுன்னா 15 நாள் டைம், அதுக்கு மேல யாரு ஏரியாவோ அவங்க சொல்றது தான். ஹெச்பி கம்பெனியை ஆரம்பிச்ச ஹியூலெட்டும் பேக்கார்டும் யாரு பேரு முன்னாடி வரணும்னு காசு சுண்டிப் போட்டு முடிவு பண்ணாங்களாம், பதினஞ்சு நாள் கூட எடுக்கல.

அடுத்து சம்பளம். இதுல தான் நாங்க பழைய யூனிட்ல நெஜமா கசந்தோம், மெஷின் எல்லாம் சும்மா சாக்கு. அவனுக்கு வீட்டு லோன் இருந்துச்சு, மாசா மாசம் 40,000 எடுப்பான், நான் தேவைக்கு எடுப்பேன், டிராயிங்ஸ் கணக்கை, அதாவது யாரு எவ்ளோ எடுத்தோம்ங்கறதை, வருஷ முடிவுல தான் பார்ப்போம், பார்த்தா அவன் என்னை விட ரெண்டு லட்சம் கூட எடுத்திருப்பான், கேக்க வாய் வராது, மனசுலயே வெச்சுக்கிட்டு ஒரு வாரம் மூஞ்சிய தூக்கி வெச்சுக்குவேன். பார்ட்னர்ஷிப் சட்டம் என்ன சொல்லுதுன்னா, டீட்ல (பார்ட்னர்ஷிப் ஒப்பந்தத்துல) எழுதலன்னா உழைக்கற பார்ட்னருக்கு சம்பளமே கிடையாது, செக்ஷன் 13. அதே செக்ஷன் படி, எதுவும் எழுதலன்னா லாபமும் சரிபாதி, நீங்க பத்து லட்சம் போட்டு அவரு ரெண்டு லட்சம் போட்டிருந்தாலும். எழுதாம எடுத்தா வருமான வரியிலயும் செலவா காட்ட முடியாது. எங்க டீட் ரெண்டு பக்கம், ஆடிட்டர் ஆபீஸ்ல ஏற்கனவே இருந்த ஃபார்மேட்ல பேரை மட்டும் மாத்தினது, நாங்க படிச்சது கூட இல்ல.

மூணாவது, போறதைப் பத்தி. ஆரம்பிக்கும் போதே பிரியறதைப் பேசறது அபசகுனம்னு நெனக்கறாங்க. சண்டை வந்ததுக்கு அப்புறம் உக்காந்து எழுதற ரேட்டு எப்பவும் பழிவாங்கற ரேட்டா தான் இருக்கும். கம்பெனின்னா வெஸ்டிங் வைங்க, அதாவது பங்கு ஒரேயடியா இல்லாம மாசா மாசம் கொஞ்சம் கொஞ்சமா கைக்கு வர்ற மாதிரி, சாதாரணமா நாலு வருஷம், முதல் வருஷம் முடியற வரைக்கும் ஒண்ணும் கிடையாது. 50 பர்சன்ட் பேசினவரு 11வது மாசம் போனா கையில சைபர், 18வது மாசம் போனா 48ல 18 பங்கு, அதாவது 18.75 பர்சன்ட். இது இல்லாம, ஆறு மாசத்துல துபாய் வேலைக்கு போன ஃப்ரெண்டு பாதி கம்பெனியை பாக்கெட்ல வெச்சிருக்க, நீங்க அவருக்காக உழைச்சிட்டு இருப்பீங்க. ஃபர்ம்னா இன்னும் மோசம், காலம் குறிப்பிடாம போட்ட டீட்னா ஒருத்தர் ஒரு நோட்டீஸ் எழுதிக் கொடுத்தாலே ஃபர்ம் கலைஞ்சிடும், அதே பார்ட்னர்ஷிப் சட்டம், செக்ஷன் 43.

விலைக்கு ஒரு வழி இருக்கு, ஊர்ல நிலம் பாகம் பிரிக்கற மாதிரி, ஒருத்தர் பங்கு வெக்கணும், இன்னொருத்தர் முதல்ல எடுக்கணும். இங்க ஒருத்தர் விலை சொல்லணும், அதே விலைக்கு வாங்கறதா விக்கறதான்னு இன்னொருத்தர் முடிவு பண்ணனும். நியாயமா இருக்கும், ஆனா ரெண்டு பேரு கையிலயும் பணம் இருந்தா தான். ஒருத்தர் வசதி, ஒருத்தர் கடன்காரர்னா வசதியானவரு கம்மியா விலை சொல்லி சுலபமா தூக்கிடுவாரு, அங்க ஆடிட்டர் மதிப்பும் 12 மாச தவணையும் தான் சரி.

அப்போ யாருக்கு எது? ரெண்டு பேரும் முழு நேரம், ஒரே வயசு, ஒரே அளவு ரிஸ்க்னா சரிபாதி போங்க, ஏரியா பிரிச்சுக்கிட்டு. ஒருத்தர் பணம், ஒருத்தர் உழைப்புன்னா உழைக்கறவருக்கு 51, ஆனா 49க்கு பாதுகாப்பா சில விஷயங்கள்ல ரெண்டு கையெழுத்து எழுதிடுங்க. மூணாவது ஆளை பங்குக்கு சேர்க்காதீங்க, ஆலோசனைக்கு சம்பளம் கொடுத்து வெச்சுக்கங்க.

மச்சான் கூட மாசத்துல முதல் சனிக்கிழமை யூனிட்டுக்கு வெளிய உக்காந்து ஒரு மணி நேரம் பேசறோம், பேசினதை அங்கயே வாட்சப்ல டைப் பண்ணி ரெண்டு பேரும் ஓகே போடறோம். பழைய ஃப்ரெண்டை போன தீபாவளிக்கு பஸ் ஸ்டாண்டு கிட்ட பார்த்தேன், டீ சாப்பிட்டோம். அவன் அந்த மெஷினை வாங்கிட்டானாம். நல்லா ஓடுதாம். டீ காசை அவனே கொடுத்தான்.