மாட்செக்யூரிட்டி: நல்ல காவல்தான், மூன்றாம் நிலைக்குப் போகாதவரை

அண்ணனின் பழைய புத்தகக் கடைக்கு ஒரு சிறிய இணையதளம் இருக்கிறது. சர்வரைப் பார்த்துக்கொள்வது என் வேலை. ஒருநாள் பதிவுக் கோப்பைத் திறந்தால், வேர்ட்பிரஸ் என்ற தளம் அமைக்கும் மென்பொருளின் நுழைவுப் பக்கத்தைக் கேட்டு இரவெல்லாம் யாரோ தட்டியிருக்கிறார்கள். எங்கள் தளத்தில் வேர்ட்பிரஸே கிடையாது. அன்றுதான் எங்கள் சர்வர் மென்பொருளான அப்பாச்சியில், தளத்துக்கு வரும் வேண்டுகோள்களைச் சோதித்துத் தீயவற்றைத் தடுக்கும் மாட்செக்யூரிட்டியைச் சேர்த்தேன்.

இவான் ரிஸ்டிச் 2002இல் தொடங்கிய திறமூல மாட்யூல் இது, காசு கிடையாது. 2024 முதல் இணையப் பாதுகாப்புக்கான ஓவாஸ்ப் அமைப்பின் பொறுப்பில் இருக்கிறது. எதைத் தாக்குதலாகக் கருதுவது என்று சொல்லும் கோர் ரூல் செட் என்ற விதித் தொகுப்பையும் உடன் போட்டுக்கொள்ள வேண்டும். பரிந்துரைக்கப்பட்ட அமைப்புக் கோப்பு ஆரம்பத்தில் எதையும் தடுக்காது, பதிவு மட்டும் செய்யும். எனக்கு அந்தப் பொறுமை இல்லை. தடுப்பை முடுக்கியதோடு நிற்காமல், விதித் தொகுப்பின் நான்கு கண்டிப்பு நிலைகளில் மூன்றாவதற்கும் ஏற்றிவிட்டேன்.

மறுநாள் அண்ணன் அழைத்தார். “தம்பி, ‘சமையல்’ என்று தேடினால் 403 வருகிறது. அதையே ஆங்கில எழுத்தில் அடித்தால் தேடுகிறது. என்ன செய்து வைத்தாய்?”

403 என்றால் சர்வர் அனுமதி மறுக்கிறது என்று பொருள். காரணம் 920272 என்ற விதி. மூன்றாம் நிலையில் விழித்துக்கொள்ளும் இது, 127க்கு மேற்பட்ட எந்த பைட்டையும் சந்தேகிக்கும்; ஆங்கில எழுத்துகள் அந்த எல்லைக்குள் அடங்கிவிடும். எழுத்துகளை பைட்டுகளாக்கும் யூடிஎஃப்-8 முறையில் ‘சமையல்’ என்பது 18 பைட். பதினெட்டும் அந்த எல்லைக்கு வெளியே. இந்த ஒரு விதி மீறலுக்கே 5 புள்ளி. கதவடைக்கும் வரம்பும் 5. தமிழில் தேடிய வாடிக்கையாளர் அத்தனை பேரையும் நானே திருடராக்கியிருந்தேன்!

முதல் நிலைக்கு இறக்கி, ஒரு வாரம் பதிவை மட்டும் படித்துவிட்டுத் தடுப்பைத் திரும்பப் போட்டேன். தமிழ் தடையின்றிப் போகிறது, தரவுத்தளத்துக்குள் எஸ்கியூஎல் கட்டளைகளைப் புகுத்தும் முயற்சிகள் வாசலிலேயே நிற்கின்றன. வேர்ட்பிரஸ் தேடி வருபவர்களுக்குச் சொந்தமாக ஒரு விதி எழுதினேன்: முகவரியில் அந்த நுழைவுப் பக்கத்தின் பெயரைக் கண்டால் முதல் கட்டத்திலேயே, உள்ளடக்கத்தைப் படிக்கும் முன்பே, மறுப்பு. சொந்த விதிகளின் எண்ணை 1 முதல் 99,999க்குள் வைத்துக்கொள்ளுங்கள். அது நமக்கென்றே ஒதுக்கிய இடம்.

தணிக்கைப் பதிவைப் படிப்பதுதான் தண்டனை. ஒரே வேண்டுகோளுக்குப் பக்கம் பக்கமாக எழுதித் தள்ளுகிறது. அப்பாச்சிக்குப் பதில் என்ஜின்எக்ஸ் சர்வர் வைத்திருப்பவர்களுக்கு மாட்செக்யூரிட்டி மூன்றாம் பதிப்பின் நூலகமும் தனி இணைப்பியும் தேவை; அந்தப் பக்கம் நான் போகவில்லை.

அண்ணன் இன்றும் ‘சமையல்’ என்று ஒருமுறை தேடிப் பார்த்துவிட்டுத்தான் கடையைத் திறக்கிறார்.