ஆசிரியர் போட்டியிட ஏற்றது எது: பேரவைத் தொகுதியா, மேலவையின் ஆசிரியர் தொகுதியா?

கர்நாடகத்தில் தேர்தலில் இறங்க எண்ணும் ஆசிரியருக்கு முன்னே 224 தொகுதிகள் கொண்ட சட்டப்பேரவையும், சட்டமன்றத்தின் இரண்டாம் அவையான, 75 உறுப்பினர் கொண்ட மேலவையில் ஆசிரியர்களுக்கென உள்ள 7 இடங்களும் இருக்கின்றன. அரசுப் பணியில் இருப்பவர் எதற்கும் முதலில் பணியைத் துறந்தாக வேண்டும்.

வயதும் காலமும்: பேரவைக்கு 25 வயது, 5 ஆண்டு.
மேலவைக்கு 30 வயது, 6 ஆண்டு.

செலவு: பேரவை வேட்பாளருக்கு 40 லட்சம் ரூபாய் உச்சவரம்பு.
மேலவை வேட்பாளருக்கு வரம்பே இல்லை. தொகுதியோ பல மாவட்டங்களில் விரிந்து கிடக்கும்.

வாக்காளர்: பேரவைக்கு வயது வந்தோர் அனைவரும்.
மேலவைக்கு, முந்தைய ஆறு ஆண்டுகளில் மூன்றாண்டேனும் உயர்நிலைப் பள்ளியிலோ அதற்கு மேற்பட்ட நிறுவனத்திலோ கற்பித்தவர் மட்டுமே. தொடக்கப்பள்ளி ஆசிரியரை விலக்கும் இவ்விதி எனக்கு ஏற்புடையதன்று. மேலவை வாக்காளர்கள் வேட்பாளர்களுக்கு 1, 2, 3 என முன்னுரிமை எண் இட்டு வாக்களிப்பதால், இரண்டாம் விருப்பமும் வெற்றியை மாற்றக்கூடும்.

அதிகாரம்: வரவு செலவை முடிவு செய்வது பேரவையே.
மேலவை நிதி மசோதாவை 14 நாள்களுக்கு மேல் நிறுத்தி வைக்க இயலாது.

உடற்கல்வி ஆசிரியராக இருந்த பசவராஜ் ஹொரட்டி 1980 முதல் 2022 வரை எட்டு முறை மேலவைக்குத் தேர்வானதைப் பார்க்கையில், சங்கப் பணியால் சக ஆசிரியர்களிடையே அறிமுகம் பெற்று, ஊதியம், ஓய்வூதியம், பணியிடமாற்றம் ஆகியவற்றுக்காகவே வாதாட விரும்புபவருக்கு மேலவையே பொருந்தும் என்பேன். பள்ளிக்கட்டடத்தோடு சாலையும் குடிநீரும் கவனிக்க விரும்பி, கட்சியின் ஆதரவும் பெற்றவர் பேரவைக்கே போட்டியிடலாம்.