திருச்சி யூகே விசா கன்சல்டன்சி ரிவ்யூ: ஸ்டூடன்ட் ஃபைலுக்கு ஓகே, குடும்பத்தோட போறவங்க யோசிங்க

பேர் போடல. திருச்சியில இருந்து வெளிநாடு படிக்க போறவங்க நிறைய பேர் ஏறி இறங்குற ஆபீஸ் தான். 2024 ஜூன்ல இருந்து நாலஞ்சு மாசம் இவங்களோட தான் இருந்தேன், மொத்தம் மூணு ஃபைல், என்னோடது, எங்க வீட்டுக்காரரோடது, நாலு வயசு பாப்பாவோடது. என் ஃபைலுக்கு நாலு ஸ்டார் தாராளமா குடுப்பேன். மத்த ரெண்டுக்கும் ஒரு ஸ்டார் குடுக்கவே மனசு வரல.

எனக்கு கிடைச்சது மெட்டீரியல்ஸ் சயின்ஸ்ல பிஎச்டி, இங்கிலாந்து வடக்கு பக்கம் ஒரு யுனிவர்சிட்டி, நாலு வருஷம், ஸ்டைபெண்ட் உண்டு. 2024 ஜனவரி 1ல இருந்து யூகேக்கு சாதாரண மாஸ்டர்ஸ் படிக்க போறவங்க குடும்பத்த டிபெண்டன்ட்டா கூட்டிட்டு போக முடியாது, பிஎச்டி மாதிரி ரிசர்ச் கோர்ஸ், இல்லன்னா கவர்ன்மென்ட் ஸ்காலர்ஷிப், இவங்களுக்கு மட்டும் தான் அந்த வழி இருக்கு. அதனால இப்ப கன்சல்டன்சிக்கு வர்றவங்க பெரும்பாலும் தனியா போற பசங்க. இந்த ஆபீஸ்ல முன்னாடி ஃபேமிலி ஃபைல் பாத்துட்டு இருந்தவர் ரூல் மாறுனதும் வேலைய விட்டுட்டு போயிட்டாராம், அது எங்களுக்கு எல்லாம் முடிஞ்ச பிறகு தான் தெரியும்.

நல்லத முதல்ல சொல்லிடுறேன். எங்க சப்ஜெக்ட்டுக்கு ஏடாஸ் சர்டிஃபிகேட் (சில சயின்ஸ் சப்ஜெக்ட் படிக்க யூகே கவர்ன்மென்ட் தர்ற செக்யூரிட்டி க்ளியரன்ஸ்) வேணும்னு முதல் நாளே சொல்லி அப்ளை பண்ண வெச்சது இவங்க தான், காஸ், அதாவது யுனிவர்சிட்டி அட்மிஷன உறுதி பண்ணி தர்ற நம்பர், வந்த நாலாவது நாள் என் அப்ளிகேஷன் போயிடுச்சு. டாக்குமெண்ட் வாங்குற சீட்ல ஒரு சின்ன பொண்ணு இருந்துச்சு, அது தான் எங்க மேரேஜ் சர்டிஃபிகேட்ட கையில வாங்குனதும், மேடம் இதுல உங்க பேர் இனிஷியலோட இருக்கு, பாஸ்போர்ட்ல அப்பா பேர் முழுசா சர்நேமா இருக்கு, பாப்பா பர்த் சர்டிஃபிகேட்ல உங்க பேர்ல ஒரு எழுத்து குறையுதுன்னு ஒவ்வொண்ணா விரல் வெச்சு காட்டுச்சு. நம்ம ஊர்ல இனிஷியல் போட்டே பழகிட்டோம், சர்நேம்னு கேக்குற ஃபார்ம் முன்னாடி உக்காந்தா தான் கஷ்டம் தெரியுது. கார்ப்பரேஷன் ஆபீஸுக்கு ரெண்டு தடவ அலைஞ்சு பர்த் சர்டிஃபிகேட்ட திருத்துனோம். அந்த பொண்ணுக்கு இப்பவும் நன்றி.

பிரச்சனை ஆரம்பிச்சது எஸ்டிமேட் பேப்பர்ல. விசா ஃபீஸ் ஆளுக்கு 490 பவுண்ட், ஐஹெச்எஸ் ஆளுக்கு 776 பவுண்ட்னு அழகா பிரிண்ட் எடுத்து குடுத்தாங்க. ஐஹெச்எஸ்னா அங்க கவர்ன்மென்ட் ஆஸ்பத்திரி வசதிக்காக முன்கூட்டியே கட்டுற காசு. ஆனா அந்த 776 ஒரு வருஷத்துக்கு. விசா எத்தன வருஷமோ அத்தனைக்கும் சேத்து அப்ளை பண்ற அன்னிக்கே மொத்தமா கட்டணும், நாலு வருஷ பிஎச்டிக்கு கோர்ஸ் முடிஞ்சு தர்ற நாலு மாசமும் சேந்து நாலரை வருஷ கணக்கு வரும், அதாவது ஆளுக்கு 3,492 பவுண்ட். மூணு பேருக்கு 10,476. அவங்க பேப்பர்ல இருந்தது 2,328. ஏறக்குறைய ஒம்பது லட்ச ரூபா வித்தியாசம், என் அப்ளிகேஷனுக்கு பணம் கட்டுற பக்கத்துக்கு போனப்ப தான் எங்களுக்கே தெரிஞ்சுது. கேட்டதுக்கு, மாஸ்டர்ஸ் ஃபைல் ஃபார்மேட்ல போட்டுட்டோம் மேடம்னு சொன்னாங்க.

மூணு ஃபைலும் ஒண்ணா போக வேண்டியது, அந்த பணம் இல்லாததால என்னுத மட்டும் ஆகஸ்ட்ல போட்டுட்டு அவங்க ரெண்டு பேருது செப்டம்பருக்கு தள்ளி போச்சு. என் ஸ்காலர்ஷிப் லெட்டர் எனக்கு மட்டும் தான் செல்லும். டிபெண்டன்ட்டுக்கு லண்டனுக்கு வெளியன்னா ஆளுக்கு மாசம் 680 பவுண்ட் வீதம் ஒம்பது மாசத்துக்கு காட்டணும், ரெண்டு பேருக்கு 12,240, அன்னிக்கு ரேட்டுக்கு கிட்டத்தட்ட 13.46 லட்சம். நகை, சீட்டு பணம், எல்லாம் சேத்து வீட்டுக்காரர் அக்கவுண்ட்ல 13.6 லட்சம் போட்டோம்.

இதுல தான் ஒரு ரூல் இருக்கு, தயவுசெஞ்சு இத மட்டுமாவது மனசுல வெச்சுக்கோங்க. அந்த பணம் தொடர்ந்து 28 நாள் அக்கவுண்ட்ல இருக்கணும், அதுல ஒரு நாள் கூட அந்த தொகைக்கு கீழ போகக்கூடாது. கடைசி நாள் பேலன்ஸ் எவ்வளவுங்கறது மட்டும் கணக்கு இல்ல. எங்களுக்கு இவங்க சொன்னது, 28 நாள் கழிச்சு ஸ்டேட்மெண்ட் எடுத்துட்டு வாங்க, க்ளோசிங் பேலன்ஸ் கரெக்டா இருந்தா போதும்னு. பத்தொம்பதாவது நாள் ஹோம் லோன் இஎம்ஐ 21,350 ரூபா தானா டெபிட் ஆயிடுச்சு. சம்பளம் ஏறுறதுக்கு ரெண்டு நாள். அந்த ரெண்டு நாள் ஏழாயிரத்து சொச்சம் குறைஞ்சு போச்சு. ஸ்டேட்மெண்ட் மூணே பக்கம், ஆபீஸ்ல ரெண்டு பேர் கையெழுத்து போட்டு செக்டுன்னு சீல் வெச்சிருக்காங்க, ரெண்டு பேருமே அந்த வரிய பாக்கல. பாத்திருந்தா மூணு வாரம் தள்ளி அப்ளை பண்ணிருப்போம், அவ்வளவு தான் வேல.

ரிசல்ட் வர்றதுக்கு முன்னாடியே நான் கிளம்ப வேண்டியதாச்சு. இங்க வந்து ஒம்பதாவது நாள் வீட்டுக்காரர் ரெஃப்யூசல் லெட்டர ஃபோட்டோ எடுத்து அனுப்புனார், கீழ ஒரு வார்த்தை கூட டைப் பண்ணல. லெட்டர்ல அந்த ரெண்டு தேதியும் அப்படியே போட்டிருந்துச்சு. பாப்பாவுக்கு எப்படி சொல்றதுன்னு தெரியாம, அம்மா ஊர்ல இன்னும் வீடு கட்டி முடியலன்னு அத்தை சொல்லி வெச்சிருந்தாங்க. அக்டோபர் கடைசியில இங்க கடிகாரத்த மாத்துனதும் நேர வித்தியாசம் நாலரை மணில இருந்து அஞ்சரையாச்சு, நான் லேப்ல இருந்து அஞ்சு மணிக்கு வெளிய வந்தா அங்க பத்தரை, பாப்பா தூங்கியிருக்கும். அவ தூங்குறத தான் வீடியோ கால்ல பாத்துட்டு இருப்பேன். ஃபேனுக்கு கீழ முடி பறக்குறது மட்டும் தெரியும். இங்க நாலு வயசு ஆனவங்களுக்கு செப்டம்பர்ல ரிசெப்ஷன்னு ஸ்கூலோட முதல் க்ளாஸ் ஆரம்பிச்சுடும், அவ வயசு பிள்ளைங்க ஸ்கூல் விட்டு வர்ற நேரத்துக்கு அந்த தெரு பக்கமே போகாம சுத்தி போவேன்.

எனக்கு இவங்க மேல உண்மையான கோவம் வந்தது தப்பு நடந்ததுக்கு இல்ல, அதுக்கு அப்பறம் சொன்னதுக்கு. புதுசா போடும்போது ரெஃப்யூஸ் ஆனத குறிப்பிட வேண்டாம் சார், ஃப்ரெஷ் ஃபைல் மாதிரி போட்டுடலாம்னு எங்க வீட்டுக்காரர்கிட்ட சாதாரணமா சொல்லியிருக்காங்க. ஃபார்ம்ல முன்னாடி எந்த நாட்டுலயாவது விசா மறுக்கப்பட்டிருக்கான்னு நேரடியா கேள்வி இருக்கு. அதுல பொய் சொன்னா பத்து வருஷம் வரைக்கும் தடை விழும். பணம் குறைஞ்சா மறுபடி சேத்துக்கலாம், இதுல மாட்டுனா என் பிஎச்டி முடிஞ்சு நான் ஊருக்கு வர்ற வரைக்கும் பிரிஞ்சே இருக்க வேண்டியது தான். அன்னிக்கோட இவங்கள நிறுத்திட்டோம்.

அதுக்கப்பறம் உதவுனது என் யுனிவர்சிட்டியோட இன்டர்நேஷனல் ஸ்டூடன்ட் ஆபீஸ். ஒரு பைசா வாங்கல. யூகேல ரெஜிஸ்ட்ரேஷனோ தகுதியோ இல்லாம இமிக்ரேஷன் அட்வைஸ் குடுக்குறது குற்றம், அதனால அங்க உக்காந்திருக்கறவங்க ஒவ்வொரு வார்த்தையும் ரூல பாத்துட்டு தான் சொல்றாங்க. எங்க கேஸ்ல குறைஞ்சது உண்மை, அதனால 80 பவுண்ட் கட்டி அந்த முடிவ மறுபடி பரிசீலிக்க சொல்லி கேக்குறது வீண், புதுசா போடுங்க, ரெஃப்யூசல மறைக்காம காரணத்தோட எழுதுங்கன்னு சொன்னாங்க. ஐஹெச்எஸ் பணம் ஆறு வாரத்துல திரும்பி வந்துச்சு, விசா ஃபீஸ் 980 பவுண்ட் வராது, போனது போனது தான். இஎம்ஐய வேற அக்கவுண்ட்டுக்கு மாத்துனோம், அத்தை அவங்க நகையையும் அடகு வெச்சு குடுத்தாங்க, 15 லட்சம் போட்டு 28 நாள் யாரும் அந்த அக்கவுண்ட்ட தொடல. பவுண்ட் ரேட்ட அப்ளை பண்ற நாள் ஓண்டாங்கற கரன்சி சைட்டோட ரேட்ல தான் பாப்பாங்க, அதனால கொஞ்சம் கூடுதலா வெக்கறது நல்லது. விசாவுக்கு கேக்குற டிபி டெஸ்ட்டுக்கு ஆகஸ்ட்ல மலைக்கோட்டை எக்ஸ்பிரஸ்ல மெட்ராஸ் போய் எடுத்தது, ஆறு மாசம் தான் செல்லும், அது முடியறதுக்குள்ள ஜனவரியில போட்டாச்சு. மூணு வாரத்துல ரெண்டு பேருக்கும் வந்துடுச்சு.

இவங்க சர்வீஸ் சார்ஜ் டிபெண்டன்ட்டுக்கு ஆளுக்கு பதினஞ்சாயிரம் வாங்குனாங்க. திருப்பி கேட்டதுக்கு பாதி தர்றோம், ஆனா கூகுள்ல எதுவும் எழுதக்கூடாதுன்னு சொன்னாங்க. வேண்டாம்னுட்டோம்.

தனியா மாஸ்டர்ஸ் போறவங்க போகலாம், வேலை சுறுசுறுப்பா தான் பண்றாங்க. குடும்பத்தோட பிஎச்டி போறவங்க, கோர்ஸ் எத்தன வருஷம்னு போட்டு ஐஹெச்எஸ் மொத்த கணக்க அவங்க கையால எழுதி வாங்குங்க, ஸ்டேட்மெண்ட்ட 28 நாளும் வரி வரியா நீங்களே பாருங்க. 2025 ஏப்ரல்ல விசா ஃபீஸ் 524 ஆயிடுச்சு, மத்த தொகையும் மாறிட்டே இருக்கு, அப்ளை பண்ற அன்னிக்கு கவ் டாட் யூகேல பாத்துடுங்க.

பாப்பா பிப்ரவரி லீவு முடிஞ்சு ஸ்கூல்ல சேந்துட்டா. வீடு கட்டி முடிச்சாச்சான்னு ஏர்போர்ட்லயே கேட்டா.